செதிலுக்குள் நகர்ந்த சுமை

கல்லூரி வாசலைத் தாண்டி செக்காலை ரோட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். பிற்பகல் மூன்று மணி இருக்கும். சட்டையில் மீன் வாடை. கையில் ஒரு தூக்குச்சட்டியும் துண்டும். ஒரு வேலையை விட்டுவிட்டு ரோட்டில் நடப்பது எனக்குப் பழக்கமான காரியம். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டபின் திருச்சியில் ஓட்டலில் இலை எடுத்தேன், தூத்துக்குடியில் உப்பு வாரினேன், செக்காலையில் மூட்டை தூக்கினேன். அந்த வேலைகள் எதிலும் ஒரு பொங்கலிலிருந்து அடுத்த பொங்கல்வரை நின்றதில்லை. சில இடங்களில் அவர்கள் அனுப்பினார்கள், பல இடங்களில் நானே கிளம்பினேன். ஆனால் அன்றைக்கு விட்டுவிட்டு வந்ததைப் போல ஒரு வேலை அதுவரை எனக்குக் கிடைத்ததில்லை. அதனால் நடை கொஞ்சம் மெதுவாகத்தான் இருந்தது.

இது தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. இதை இப்போது எழுதக் காரணம், கல்லூரி ஆய்வகத்தில் எனக்குப் பின்னால் வேலைக்கு வந்தவர்கள். நான் ஓய்வு பெற்ற அன்று அவர்கள் செல்போனில் ஒரு படம் காட்டினார்கள். உயிரணுவுக்குள் ஒரு கயிறு. அதன் மேல் இரண்டு கால்களுள்ள ஒன்று, தன்னைவிடப் பல மடங்கு பெரிய பொதியைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு அடி வைத்து நடக்கிறது. "அண்ணே, உங்க காலத்துல இதை எப்படிப் பார்த்தீங்க?" என்று கேட்டார்கள். நாங்கள் அதைப் பார்க்கவே இல்லை. சுமை நகர்வதைத்தான் பார்த்தோம். தூக்குவது எது என்பதை எங்கள் மேடம் வெளிநாட்டுக் கட்டுரைகளின் ஜெராக்ஸில் படித்துச் சொன்னார்.

அந்த விலங்கியல் ஆய்வகத்துக்கு நான் போனது படித்து இல்லை, மீன் பிடித்து. மானகிரிப் பக்கத்துக் கண்மாயில் வலை போட்டு ஜிலேபி மீன் விற்றுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் வள்ளியம்மை மேடம் ஆட்டோவில் வந்து இறங்கி, "உயிரோட வேணும், செதில் ஒண்ணுகூட உதிரக் கூடாது, முடியுமா?" என்று கேட்டார். வலையை விட்டுவிட்டுக் கூடையால் பிடித்து, ஈரச் சாக்கு போர்த்திய வாளியில் கொண்டுபோனேன். மூன்றாவது தடவை போனபோது, "மீன் தொட்டிகளைப் பார்த்துக்க ஆள் இல்ல. தினக்கூலிதான். நிக்கிறியா?" என்றார். நின்றேன். முதல் ஆறு மாதத்தில் கற்றது இரண்டே விஷயம்: குழாய்த் தண்ணீரைக் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைக்காமல் தொட்டியில் ஊற்றக் கூடாது, மேடம் கடிகாரம் பார்க்கும்போது பேசக் கூடாது.

மேடத்துக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். உள்ளூர்ச் செட்டியார் வீட்டுப் பெண். கல்யாணமாகி வடக்கே போய், படித்து, கணவர் காலமானபின் திரும்பி வந்தவர். குரல் உயராது. யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. தவறு செய்தால் நம்மையே திரும்பச் செய்ய வைப்பார், அதுவும் உடனே, சாப்பாட்டு நேரமானாலும். நோட்டில் எழுதுவதில் மட்டும் கறார். ஒருமுறை நான், மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டிய செதில் மணிகளைப் பற்றி, "எல்லாம் நடுவுக்குப் போயிருக்கும்" என்று எழுதிவிட்டேன். அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்:

"போயிருக்குமா, போச்சா?"

"போச்சு மேடம். வழக்கமா போகுமே."

"பார்த்தியா?"

"வாளி நிரம்பிருச்சுன்னு குழாயை மூடப் போனேன்."

"அப்ப, 'பார்க்கலை'ன்னு எழுது. பார்த்ததை இங்க எழுது, நினைச்சதை வீட்டுக்குக் கொண்டு போ."

நாங்கள் செய்த வேலை இதுதான். மீனை ஈரத்துணியில் சுற்றி, முதுகுத் துடுப்புக்குக் கீழே இடுக்கியால் ஒரு செதிலை எடுப்பேன். மீனுக்கு இரத்தம் வரக் கூடாது, வந்தால் அந்தச் செதில் ஆகாது. எடுத்ததை உப்புக்கரைசலில் கழுவிக் கண்ணாடித் தகட்டில் வைத்து, மேலே மெல்லிய கண்ணாடி வில்லை ஒன்றால் மூட வேண்டும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் செதிலில் கறுப்பு நட்சத்திரங்கள் தெரியும். ஒவ்வொரு நட்சத்திரமும் ஓர் உயிரணு. அதற்குள் ஆயிரக்கணக்கான கரும்பொடி மணிகள் கைகளின் நுனிவரை பரவிக் கிடக்கும். இப்போது வில்லையின் ஒரு ஓரத்தில் ஒரு சொட்டு அட்ரினலின் விட வேண்டும். எதிர் ஓரத்தில் வடிதாள் துண்டை வைத்தால் அது பழைய நீரை உறிஞ்சும், மருந்து உள்ளே இழுக்கப்படும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கண்ணை வைக்க வேண்டும். மணிகள் கிளம்பும். எல்லாக் கைகளிலிருந்தும் நடுவை நோக்கி ஓடும். ஒன்றிரண்டு நிமிடத்தில் நட்சத்திரம் போய் ஒரு கரும்புள்ளி மட்டும் இருக்கும். மீன் வெளுப்பது இப்படித்தான். மருந்தைக் கழுவிவிட்டால் மணிகள் மெதுவாக மறுபடியும் நுனிக்குப் போகும்.

முதல் தடவை பார்த்தபோது, "யாரு மேடம் தூக்கிட்டுப் போறது?" என்று கேட்டேன். அந்தக் கேள்வி அவருக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மோட்டார் புரதம்னு பேரு. ரெண்டு வகை ஆளு. வெளியே கொண்டு போறவன் கைனசின், உள்ளே கொண்டு வர்றவன் டைனீன். ரெண்டு பேரும் நடக்க உள்ளே நுண்குழாய்ன்னு தண்டவாளம் மாதிரி ஒண்ணு இருக்கு. மீனுக்கு மட்டும் இல்ல, உன் உடம்புல, என் உடம்புல எல்லாத்துலயும் இதே ஆளுகதான்."

மூட்டை தூக்கியவனுக்கு இது புரியாமல் போகுமா? எனக்கு என் கூட்டாளிகளே உள்ளே ஓடுவதுபோல இருந்தது.

நான் அப்போது குடியிருந்தது சவரிமுத்து அண்ணன் வீட்டை ஒட்டி இறக்கிய சாய்ப்பில். அண்ணன் ஒரு கேஸ் ஏஜென்சியில் சிலிண்டர் போடும் வேலை பார்த்தார். தேவகோட்டைப் பக்கத்துக்காரர், வயது நாற்பத்துநான்கு. மூன்று சக்கர மிதிவண்டியில் ஆறு சிலிண்டர் ஏற்றி ஊர் முழுக்கச் சுற்றுவார். இந்த ஊர்ப் பெரிய வீடுகளைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு அது எப்படிப்பட்ட வேலை என்று சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காக: முன்வாசல் ஒரு தெருவில் இருக்கும், அடுப்படி அடுத்த தெருவில் இருக்கும். பின்கதவைத் திறக்க ஆள் இல்லாவிட்டால் சிலிண்டரைத் தோளில் வைத்து உயரமான படியேறி, முற்றம், பட்டாலை என்கிற நீளக் கூடம், இன்னொரு முற்றம் என்று வீட்டின் முழு நீளத்தையும் நடந்து கடக்க வேண்டும். திரும்பும்போது காலி சிலிண்டரோடு அதே தூரம்.

அந்த மனிதருக்கு ஒரு வருடமாகக் காலின் பலம் இறங்கிக்கொண்டே வந்தது. முதலில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தால் எழ முடியவில்லை. பிறகு படியேறும்போது தொடையைக் கையால் தூக்கி வைத்தார். பாதத்தில் எப்போதும் எறும்பு ஊர்கிறது என்றார். ஒரு நாள் தெருவிலேயே சிலிண்டரோடு சாய்ந்துவிட்டார். குடித்திருக்கிறார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அண்ணன் வாயில் வெற்றிலை தவிர எதுவும் போனதில்லை.

"குடிச்சுட்டு விழுந்தேன்னா ஒரு சந்தோசமாச்சும் கிடைச்சிருக்கும்ல மாப்ள," என்றார் என்னிடம்.

அவர் மனைவி அருளாயி மதினிக்குச் சிரிப்பு வரவில்லை. "சிலிண்டர் உருண்டு கால்ல விழுந்திருந்தா இன்னேரம் ஆஸ்பத்திரியில கிடப்பீக. கேலி வேற."

ஏஜென்சியில் மேனேஜர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்: இன்னொரு தடவை விழுந்தால் வேறு ஆள். இரண்டு பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும் வீடு. அந்தக் கால்கள்தான் அந்தக் குடும்பம். வைத்தியம் பார்க்காமல் இல்லை. ஒருவர் வாதம் என்றார், ஒருவர் நரம்புத் தளர்ச்சி என்று ஊசி போட்டார். எதற்கும் நிற்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பூசைக்குப் போய்விட்டு வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, "மாப்ள, மாதா படத்துக்குப் பின்னால மாத்திரை இருக்கு, எடு" என்றார். எடுத்தேன். மாத்திரை அட்டையோடு ஒரு டாக்டர் சீட்டும் வந்தது. லேமினேட் செய்த சீட்டு. அந்த நாட்களில் ரேஷன் கார்டிலிருந்து கல்யாணப் பத்திரிகைவரை எல்லாவற்றையும் லேமினேட் செய்தார்கள். ஆனால் மருந்துச் சீட்டை லேமினேட் செய்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"என்னண்ணே இது?"

"மூணு வருசத்துக்கு முன்ன கால் பெருவிரல் வீங்கிப் போச்சுல்ல. உசிரு போற வலி. போர்வை பட்டாக்கூடக் கத்துவேன். அப்ப ஒரு டாக்டர் எழுதினாரு. பத்து நாளைக்குன்னுதான் சொன்னாரு. நிறுத்தினா அடுத்த வாரமே வலி வருது. வலி வந்தா லோடு போச்சு. அதான் விடாம போட்டுக்கிறேன். சீட்டு கிழிஞ்சுரக் கூடாதுன்னு இப்படிப் போட்டு வச்சிருக்கேன். மெடிக்கல்ல காட்டினா போதும், மறுபேச்சு பேசாம குடுப்பாக."

பிளாஸ்டிக் போர்த்திய சீட்டு என்றால் அது நிரந்தர உத்தரவு என்று அவரும் நினைத்தார், கடைக்காரரும் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன், அட்டையின் பின்பக்கப் பெயரைப் பார்க்காமல் இருந்திருந்தால். லாரிப் பலகைகளில் எழுத்துக்கூட்டிப் பழகிய இங்கிலீஷ்தான் எனக்கு. ஆனால் அந்தப் பெயரை நான் தினமும் பார்க்கிறேன். ஆய்வகக் குளிர்பெட்டியின் பூட்டிய தட்டில், சிவப்பு மையில் 'விஷம்' என்று எழுதிய பழுப்புக் குப்பியில் அதே பெயர்: கோல்ச்சிசின். வேலியில் படர்ந்து பூக்கும் கார்த்திகைப் பூச்செடியின் கிழங்கில் இருக்கும் சரக்கு அது என்று மேடம் சொல்லியிருக்கிறார். அதில் ஊறிய செதிலில் மணிகள் ஓடாது.

"ஒரு மாத்திரை குடுங்கண்ணே."

"உனக்கு என்னடா நோவு?"

"எனக்கு இல்ல, மீனுக்கு."

"மீனுக்குக் காலே கிடையாதேடா!" என்று தொடையில் அறைந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒன்றைப் பிய்த்துக் கொடுத்தார்.

மறுநாள் ஏழு மணிக்கே ஆய்வகம் போனேன். மாத்திரையைப் பொடித்து, சில சொட்டு உப்புக்கரைசலில் கரைத்து, மூன்று செதில்களைப் போட்டேன். பக்கத்தில் வெறும் கரைசலில் மூன்று. இரண்டு மணி நேரம் ஊறவைத்தேன். பிறகு அட்ரினலின். வெறும் கரைசலில் இருந்தவை வழக்கம்போல ஓடி நடுவில் சேர்ந்தன. மாத்திரைச் செதிலில் மணிகள் அங்கங்கே சற்று அசைந்தன. சில பாதி வழி வந்தன. பெரும்பாலானவை கிடந்த இடத்திலேயே கிடந்தன. பத்து நிமிடம் பார்த்தேன். அதற்கு மேல் கண்ணில் நீர் வந்துவிட்டது, வெகுநேரம் இமைக்காமல் பார்த்ததால்.

"என்ன ஓடுது?" என்று பின்னாலிருந்து மேடத்தின் குரல்.

அனுமதி இல்லாமல் மைக்ராஸ்கோப்பைத் தொட்டவன் நான். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குனிந்து இரண்டு தகடுகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மாத்திரையில மருந்து மட்டுமா இருக்கு?"

"வேற என்ன மேடம்?"

"மாவு இருக்கு, பசை இருக்கு. அந்த மாவே மணியை நிறுத்திருந்தா?"

மேடம் தன் கைப்பையிலிருந்து ஒரு சத்து மாத்திரையை எடுத்து மேசைமேல் வைத்தார். "இதையும் அதே மாதிரி பொடி. அதே அளவு தண்ணி. அதே நேரம். எது எதுன்னு எனக்குச் சொல்லாதே. கிண்ணத்துக்கு அடியில எழுதி வை."

மறுபடியும் இரண்டு மணி நேரம். மூன்று கிண்ணங்கள்; காலையில் கரைத்த மாத்திரை நீரிலேயே புதுச் செதில்கள். அவர் பார்க்கப் பார்க்கச் சொன்னார், நான் எழுதினேன். சத்து மாத்திரைச் செதிலில் மணிகள் ஓடின. வெறும் கரைசலிலும் ஓடின. ஒரு கிண்ணத்தில் மட்டும் ஓடவில்லை. கிண்ணத்தைத் திருப்பிப் பார்த்தோம். அப்புறம்தான் மேடம் உட்கார்ந்தார்.

"தூக்குறவன் இருக்கான். சுமை இருக்கு. ரோடு இல்ல. இந்த மருந்து ரோட்டைக் கட்ட விடாது, இருக்குறதையும் மெல்லமா கரைச்சுரும்." கொஞ்சம் யோசித்தார். "முதுகுல கிளம்புற ஒரு நரம்பணு கால் விரல்வரை ஒரே இழையாப் போகுது. எங்க வீடு மாதிரின்னு வச்சுக்க. முகப்புல ஒரு விருந்தாளி வந்து உக்காந்தா அடுப்படிக்குச் சேதி போறதுக்குள்ள அவுக காபி கேக்காமலே எந்திரிச்சுப் போயிருவாக. அவ்வளவு நீளம். சாமானெல்லாம் ஒரு பக்கத்துலதான் தயாராகுது. நடந்துதான் கொண்டு போகணும். நடக்க முடியலேன்னா கடைசி அறைதான் முதல்ல பட்டினி கிடக்கும்."

"அப்ப அண்ணன் காலு..."

"இரு." கையைக் காட்டி நிறுத்தினார். "இது மீன் செதில். நீ போட்டது கிண்ணத்துல ஒரு முழு மாத்திரை. அவர் உடம்புல அது ஆறு குடத்துல ஒரு துளி. மூணு வருசத்துல அது எங்க சேர்ந்துச்சு, சேர்ந்துச்சா இல்லையான்னு நமக்குத் தெரியாது. இதைக் காட்டி மருந்தை நிறுத்தச் சொல்ல எனக்கு உரிமை இல்ல, உனக்கும் இல்ல. தெரிஞ்ச டாக்டர்கிட்ட அனுப்பலாம். அவ்வளவுதான் நம்ம வேலை."

மதுரையில் ஒரு நரம்பு மருத்துவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். நான்கே வரி. அதில் என் பெயரையும் எழுதியிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. "என்னை நிக்க வச்சிருக்கிறதே அந்த மாத்திரைதான். அதைப் புடுங்கப் பாக்குறியா? மீன் கழுவுறவன் பேச்சைக் கேட்டு மதுரைக்குப் போனா ஊரு சிரிக்காதா?"

"ஊரு ஏற்கெனவே சிரிக்குதுண்ணே. குடிகாரன்னு."

அவர் முகம் சுருங்கிவிட்டது. சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் மதினி அதற்குள் மாதா படத்துக்குப் பின்னாலிருந்து சீட்டையும் அட்டையையும் எடுத்துத் தன் பர்ஸில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டார்.

"நாளைக்கு மதுரை போறோம்."

"லோடு?"

"லோடை மாதா பாத்துக்குவா. கிளம்புங்க."

மருத்துவர் வயதானவர். அண்ணனைத் தாழ்வான முக்காலியில் உட்காரவைத்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழச் சொன்னார். அண்ணன் மூன்று தடவை முயன்றார். முடியவில்லை. முழங்காலிலும் கணுக்காலிலும் சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தார். கால் அசையவில்லை. இரத்தம் எடுத்தார்கள். மாலையில் கூப்பிட்டார். தசை கசிந்து இரத்தத்தில் கலந்திருக்கிறது, சிறுநீரகமும் கொஞ்சம் மந்தமாகியிருக்கிறது என்றார். வலிக்கென்று கண்ட மாத்திரைகளையும் விழுங்கியதில் சிறுநீரகம் களைத்துப்போய், இந்த மருந்தை வெளியேற்ற முடியாமல் உடம்பில் சேர்த்து வைத்திருக்கலாம் என்றார். பிறகு லேமினேட் சீட்டை வெளிச்சத்தில் பிடித்தார்.

"எத்தனை நாளைக்கு எழுதினது?"

"பத்து நாளைக்குங்க."

"சாப்பிட்டது?"

"மூணு வருசம்."

மருத்துவர் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். "லேமினேஷன் நல்லாப் பண்ணிருக்காங்க," என்றார். திட்டுவதற்குப் பதிலாக அதைச் சொன்னார்.

எங்களுக்குப் புரிகிற மாதிரி விளக்கியதும் அவர்தான். தசைக்குள்ளும் ஒரு போக்குவரத்து உண்டு, உதவாத குப்பையை உடைக்கிற இடத்துக்கு எடுத்துப்போக வேண்டும், அது ஓடாததால் குப்பை அங்கங்கே தேங்கி நிற்கிறது என்றார். அண்ணன் சட்டென்று தலை நிமிர்ந்தார்.

"காலி சிலிண்டர் திரும்பாம வீடு வீடா நின்னு போன மாதிரியா சார்?"

"அதேதான்."

"அப்ப குடோன்ல புதுசு இருந்தும் வண்டி நகராது," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்த ஒரு நிமிடத்தில்தான் அவர் அந்த நோயை நம்பினார்.

மாத்திரை நிறுத்தப்பட்டது. விரல் வலிக்கு வேறு மருந்து. "இது போன பலம் திரும்பி வர்ற வகை. பெரும்பாலும் வரும், பெரும்பாலும். ஒரு மாசத்துல வித்தியாசம் தெரியும், முழுசா வர இன்னும் நாளாகும். அதுவரை சுமை கூடாது." வரும் என்று சொன்னவர், 'பெரும்பாலும்' என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளில் இந்த நடைக்காரப் புரதங்களிலேயே பிறவிக் கோளாறு இருந்தால் கால் விறைத்துப்போகும் நோய்கள் வருகின்றன என்று கண்டுபிடித்ததை மேடம் எனக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். அவர்களுக்கு ரோடு இருக்கிறது, நடக்கிறவன் நொண்டி. அதற்கு இன்னும் நல்ல மருந்து இல்லை. அண்ணனுக்கு இருந்தது கெட்டதிலும் நல்லது, உள்ளே நடக்கிற வேலையாட்களுக்குக் குறையில்லை. அன்றைக்கு எங்களுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. காத்திருந்தோம், அவ்வளவுதான்.

காத்திருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. மேனேஜர் இரண்டு வாரம் விடுப்புக் கொடுத்தார். இரண்டு வாரத்தில் எதுவும் மாறவில்லை. போதாததற்கு ஒரு நாள் பெருவிரல் வீங்கிவிட்டது. அண்ணன் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "அந்தச் சீட்டை எடு அருளாயி, இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும்" என்றார்.

"சீட்டு இல்ல."

"எங்க?"

"அடுப்புல போட்டேன். பிளாஸ்டிக் நாத்தம் மூணு நாளாப் போகல. உங்களுக்கு மூக்குலயும் உணர்ச்சி இல்லையா?"

வலியோடு சிரித்தார். புது மருந்து இரண்டு நாளில் வீக்கத்தை இறக்கியது. ஆனால் மேனேஜரிடம் நான் போய்க் கேட்டு வாங்கிய இன்னொரு வாரமும் கரைந்துவிட்டது. அந்த வாரக் கடைசியில் அவர் சொன்னார்: "நானும் பாத்துட்டேன்ப்பா. வீட்டுக்காரங்க போன் மேல போன் போடுறாங்க. மானகிரியில ஒரு ஆள் இருக்கான். நாளைக்கு அவனைப் போட்டுருவேன். போட்டா அவன்தான், நாளப்பின்ன மாத்த மாட்டேன்."

நியாயமான மனிதர்தான். அடுப்பு எரியாத வீட்டுக்கு அவரும் என்ன பதில் சொல்வார்?

அன்றைக்கு மத்தியானம் மேடத்திடம் போனேன். ஓர் ஆராய்ச்சி மாணவியின் சோதனை பாதியில் இருந்தது, எட்டுத் தொட்டி மீன் என் கையில் இருந்தது. அண்ணன் இடத்தில் நான் நிற்கப் போகிறேன் என்றதைக் கேட்டுவிட்டு, "எத்தனை நாள்?" என்றார்.

"தெரியல மேடம்."

"உன் இடம் தினக்கூலி. காப்பாத்தி வைப்பேன்னு வாக்குக் குடுக்க முடியாது. கேட்டுப் பாப்பேன்."

"சரி மேடம்."

"இந்த ஒரு வேலையிலதான் நீ நின்ன."

"ஆமா மேடம்."

நோட்டைத் திறந்து என் பக்கம் தள்ளினார். தேதி போட்டு, 'தண்ணீர் மாற்றியாயிற்று, ஐந்தாம் தொட்டியில் ஒரு மீன் சோர்வு, பார்க்கவும்' என்று எழுதினேன். அவர் படித்துவிட்டு, "பார்த்தியா, நினைச்சியா?" என்றார். "பார்த்தேன்" என்றேன். தலையசைத்தார். அப்படித்தான் கல்லூரி வாசலைத் தாண்டினேன்.

செக்காலையில் மேனேஜரிடம், மானகிரி ஆளைப் போட வேண்டாம், நாளைக்கு நான் வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனபோது வெயில் தாழ்ந்திருந்தது. அண்ணன் நாற்காலியில் இருந்தார். செய்தியைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன், கோபப்பட்டார்.

"மேடம் கூட நிழல்ல மீனுக்குச் சோறு போட்டுக்கிட்டு இருந்தவன், எனக்காகச் சிலிண்டர் தூக்கணுமாக்கும்? யாருடா கேட்டது?"

"யாரும் கேக்கல."

"அப்புறம்?"

"எந்திரிங்கண்ணே."

"என்னது?"

"டாக்டர் சொன்ன மாதிரி கையைக் கட்டிக்கிட்டு எந்திரிங்க. தினமும் பாக்கணும்னாருல்ல."

முறைத்துக்கொண்டே கையைக் கட்டினார். முதல் தடவை பாதியில் உட்கார்ந்துவிட்டார். மதினி வாசற்படியில் வந்து நின்றார். இரண்டாவது தடவை உடம்பை முன்னால் தள்ளி, தொடை நடுங்க நடுங்க, மெல்ல எழுந்தார். கை மார்பிலேயே இருந்தது. முழுதாக நின்றார். எண்ணினேன், நான்கு எண்ணும்வரை. பிறகு தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். மதினி சிலுவைக் குறி போட்டார். அண்ணன் தன் தொடையை அடுத்தவர் மாட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். நேற்றுவரை முடியாதது அது. அதை நான் நினைக்கவில்லை, பார்த்தேன்.

கோபம் போய்விட்டது. "சரி, உக்காரு. வீடுகளைச் சொல்றேன், கேட்டுக்க," என்று ஆரம்பித்தார். எந்த வீட்டில் பின்கதவு திறக்கும், எந்த வீட்டில் நாய், எந்த வீட்டு ஆச்சி வாஷர் சோதிக்காமல் விடமாட்டார், எங்கே படி வழுக்கும் என்று ஊரையே சொன்னார்.

அந்த வண்டியை இரண்டு மாதத்துக்கும் கொஞ்சம் கூடுதலாக மிதித்தேன். பிறகு அதன் கைப்பிடியை அவர் கையில் கொடுத்துவிட்டு, மேடம் வேறு ஆள் போடாமலே வைத்திருந்த மீன் அறை வேலைக்குத் திரும்பினேன். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன். அண்ணனுக்குப் பாதத்தில் எறும்பு ஊர்வது முழுதாக நிற்க ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. ஆனால் கால் வந்துவிட்டது.

அண்ணன் எழுந்து நின்றதற்கு மறுநாள் காலை ஏழு மணிக்கு ஏஜென்சி குடோனில் நின்றேன். மேனேஜர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மீன்காரன்ல நீ? முப்பது கிலோ தூக்குவியா?"

"செக்காலையில மூட்டை தூக்கினவன் சார்."

"எவ்வளவு நாளைக்கு?"

"சவரிமுத்து அண்ணன் வர்ற வரைக்கும். இடம் அவருதுதான். நான் அவர் காலு, அவ்வளவுதான் சார்."

அவர் கையில் இருந்த சிலிண்டர் சீட்டுகளை நீட்டினார். ஆறு சிலிண்டர் ஏற்றிக் கட்டினேன். முதல் வீட்டிலேயே அண்ணன் சொன்னதை மறந்து முன்வாசலுக்குப் போய்விட்டேன். படியேறி, தோளில் சிலிண்டரோடு ஒரு முற்றம், நீளமான கூடம், இன்னொரு முற்றம் என்று நடந்தேன். போய்க்கொண்டே இருந்தது. அடுப்படியில் இருந்த ஆச்சி திரும்பிப் பார்த்து, "புது ஆளா? இங்குட்டு வாங்க. சவரிமுத்து எப்படி இருக்காக?" என்று கேட்டார்.

"நேத்து எந்திரிச்சு நின்னாருங்க," என்றேன். நிறைந்ததை இறக்கி வைத்து, காலியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, வந்த வழியே திரும்பி நடந்தேன்.